வகுப்பறை மீன்தொட்டி: பிள்ளைகள் உணவிடும் முறை

வகுப்பறைத் தொட்டியில் மீன்கள் இறப்பதற்குப் பட்டினி காரணமாவது அரிது. ஆளுக்கொரு சிட்டிகையாகப் பிள்ளைகள் அன்போடு தூவும் உணவு அடியில் தங்கி அழுகி, அம்மோனியா உண்டாகி, நீர் நஞ்சாவதே பெரும்பாலும் காரணம். ஆகவே நாளுக்கு ஒரு பிள்ளை என்று முறைவைத்து, 2 நிமிடங்களுக்குள் மீன்கள் தின்று தீர்க்கும் அளவை மட்டும் இடச்செய்து, இட்டவுடன் சுவர் அட்டவணையில் குறியிடப் பழக்குங்கள். மீன் கண்ணாடியருகே விரைந்து வந்தாலே பசி என்று பிள்ளைகள் உருகிப்போவார்கள். ஆளைக் கண்டால் உணவு வரும் என்று அது பழகியிருப்பதை அப்போதே பொறுமையாக விளக்குங்கள். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றும்போது, குழாய்நீரின் குளோரினை நீக்கும் மருந்தைக் கலந்த பின்பே ஊற்ற வேண்டும். தொட்டிக்குள் கைவிடுமுன், சோப்பு துளியும் ஒட்டியிராதபடி விரலிடுக்குவரை நன்றாக அலசச் சொல்லுங்கள்.