எச்டிஎம்எல் கோப்பை உலாவியில் அல்லாமல் காட்சி எடிட்டரில் நேரடியாகத் திறப்பது எப்படி? விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் ஒரு செய்முறை

கணினியில் சேமித்து வைத்திருக்கும் ஓர் எச்டிஎம்எல் கோப்பை இரட்டைச் சொடுக்கினால், அது உலாவியில் திறக்கும். அங்கே அதைப் படிக்கலாம், அச்சிடலாம். ஆனால் கண்ணெதிரே தெரியும் ஓர் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது. திருத்த வேண்டும் என்று வரும்போது, தொடக்க நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதே கோப்பை நோட்பேடில் திறந்து, கோணக் குறிகளுக்கு இடையே தங்கள் வாக்கியம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவார்கள். பக்கம் எப்படித் தெரியுமோ அப்படியே திரையில் காட்டி, அதன்மேலேயே தட்டச்சு செய்ய விடும் காட்சி எடிட்டர் இருந்தால் இந்தத் தேடல் தேவையில்லை. அத்தகைய எடிட்டரில் கோப்பை நேரே திறப்பதற்கான வழியை மூன்று இயங்குதளங்களிலும் அமைத்துக்கொள்வதைப் பற்றியது இந்தப் பதிவு.

பார்ப்பதும் திருத்துவதும் இரண்டு தனி வேலைகள் என்ற பிரிவு வலையின் தொடக்கத்தில் இருக்கவில்லை. 1990-இல் டிம் பெர்னர்ஸ்-லீ நெக்ஸ்ட் கணினியில் எழுதிய முதல் உலாவியே எடிட்டராகவும் இருந்தது. பின்னால் பரவிய உலாவிகள் காட்டும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டன. 1997-இல் வந்த நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டர் தொகுப்பில் உலாவியோடு கம்போசர் என்ற எடிட்டரும் இருந்தது. அந்தக் கம்போசரின் நேரடி வாரிசு இன்றும் சீமங்க்கி என்ற இலவச மென்பொருளுக்குள் இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் அது இயங்குவதால், இங்கே அதையே எடுத்துக்கொள்கிறேன்.

வேறு நிரல்கள் இல்லாமல் இல்லை. 2005-இல் 1.0 பதிப்பு கண்ட என்வியூ, அதிலிருந்து கிளைத்த கொம்போசர் (மேலே சொன்ன கம்போசர் அல்ல, வேறு நிரல்), என்வியூவை உருவாக்கியவரே பின்னர் எழுதிய புளூகிரிஃபன் ஆகியவற்றின் பெயர்களைப் பழைய பதிவுகளில் நிறையக் காணலாம். இவற்றின் வளர்ச்சி நின்றுவிட்டது. ஏற்கெனவே கணினியில் இருந்தால் பயன்படுத்தலாம், புதிதாகத் தேடி நிறுவ வேண்டியதில்லை. லிப்ரே ஆபிஸின் ரைட்டரும் எச்டிஎம்எல் கோப்பைத் திறந்து திருத்தவிடும். ஆனால் சேமிக்கும்போது பக்கத்தின் நிரல்வரிகளைத் தன் வழக்கப்படி பெருமளவு மாற்றி எழுதிவிடும் என்பதால், வேறொருவர் கவனமாக அமைத்த பக்கத்துக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

எல்லாப் பக்கங்களும் காட்சி எடிட்டருக்கு ஏற்றவை அல்ல. கட்டுரை, பாடக்குறிப்பு, விலைப்பட்டியல், மின்னூலின் ஓர் அத்தியாயம் என, உள்ளடக்கம் முழுவதும் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் பக்கங்களே ஏற்றவை. ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் உள்ளடக்கம் தோன்றும் பக்கத்தை எடிட்டரில் திறந்தால், திருத்துவதற்கு அங்கே எதுவும் இருக்காது. காலிப் பெட்டிகளும் தலைப்பும் மட்டுமே தெரியும். தவிரவும், கம்போசரின் காட்சி எஞ்சின் பழையது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் புதிய வசதிகளைக் கொண்டு அடுக்கப்பட்ட பக்கம் அதில் குலைந்து தெரியலாம். உலாவியில் சரியாகத் தெரிந்து எடிட்டரில் குலைந்து தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டதாக அஞ்ச வேண்டாம், ஆனால் அந்தப் பக்கத்தை அங்கே சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

திருத்தும் முன் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து வைப்பது கட்டாயம். பக்கத்தோடு படங்கள் இருக்கும் கோப்புறையும் சேர்ந்திருந்தால், இரண்டையும் ஒன்றாகவே நகலெடுக்க வேண்டும். கோப்பை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்தினால் படங்களுக்கான பாதை அறுந்துவிடும்.

சீமங்க்கியை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி நிறுவுங்கள். முதல்முறை திறக்கும்போது, உங்கள் இயல்பு உலாவியாகவும் இயல்பு மின்னஞ்சல் நிரலாகவும் தன்னை ஆக்கிக்கொள்ளலாமா என்று அது கேட்கும். வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். இந்தச் செய்முறையின் அடிப்படையே இதுதான்: எச்டிஎம்எல் கோப்புகளின் இயல்பு நிரலாக எடிட்டரை மாற்றக் கூடாது. மாற்றினால், சும்மா பார்ப்பதற்காகத் திறக்கும் ஒவ்வொரு கோப்பும் திருத்தும் நிலையிலேயே வந்து நிற்கும். கை தவறி ஒரு விசை அழுந்தினாலும் உள்ளடக்கம் மாறிவிடும். இரட்டைச் சொடுக்கு பார்ப்பதற்கு என்றே இருக்கட்டும். திருத்துவதற்குத் தனி வழி ஒன்றை அமைப்போம்.

எந்த இயங்குதளத்திலும் செல்லும் எளிய வழி

சீமங்க்கியின் உலாவிச் சாளரத்தில் கோப்பைத் திறந்து, ஃபைல் மெனுவில் உள்ள 'எடிட் பேஜ்' என்பதைச் சொடுக்கினால், அதே பக்கம் கம்போசர் சாளரத்தில் திறக்கும். கன்ட்ரோல் விசையுடன் ஆங்கில 'ஈ' எழுத்தை அழுத்தினாலும் போதும். மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை. மாதத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு பக்கத்தைத் திருத்துபவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

இணையத்தில் இருக்கும் பக்கத்தையும் இப்படியே கொண்டுவரலாம். ஃபைல் மெனுவின் 'ஓப்பன் வெப் லொக்கேஷன்' பெட்டியில் முகவரியை இட்டு, எங்கே திறக்க வேண்டும் என்ற தேர்வில் கம்போசரைக் குறித்தால் பக்கம் நேரடியாக எடிட்டரில் வரும். அதை எவ்வளவு திருத்தினாலும், சேமிக்கும்போது உங்கள் கணினியில்தான் நகல் ஒன்று உருவாகும். அந்தத் தளத்தில் எதுவும் மாறாது.

விண்டோஸில் ஒரே இழுப்பில் திறப்பது

அடிக்கடி திருத்துபவர்களுக்கு, உலாவியில் திறந்து பிறகு எடிட்டருக்கு மாறுவது வீண் வேலை. சீமங்க்கியைத் தொடங்கும் கட்டளைக்குப் பின்னால் 'எடிட்' என்ற சொல்லைச் சேர்த்தால், அது உலாவியைத் தாண்டி நேரே கம்போசரைத் திறக்கும். அந்தச் சொல்லை ஒரு குறுக்குவழிக்குள் நிரந்தரமாக எழுதி வைத்துவிடலாம்.

மேசைத்திரையில் உள்ள சீமங்க்கி குறுக்குவழியை அதே இடத்தில் நகலெடுத்து, நகலுக்கு 'பக்கம் திருத்து' என்று தமிழிலேயே பெயரிடுங்கள். அதை வலச்சொடுக்கி, பட்டியலின் அடியில் உள்ள 'ப்ராப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்தால், 'டார்கெட்' என்ற பெட்டியில் நிரலின் முழுப் பாதையும் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும். சுட்டியை அந்த வரியின் கடைசிக்குக் கொண்டுபோய், மூடும் மேற்கோள் குறிக்கு வெளியே ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் அதை ஒட்டி 'எடிட்' என்ற சொல்லும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்து, சரி என்று மூடுங்கள்.

பலர் இடறும் இடம் இந்த ஒற்றை வரிதான். சொல்லை மேற்கோள் குறிக்கு உள்ளே எழுதிவிட்டால், டார்கெட் பெட்டியில் உள்ள பெயர் செல்லாது என்று விண்டோஸ் உடனே மறுக்கும். அந்த மறுப்பாவது காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. சிறுகோட்டை ஏதாவது வலைப்பக்கத்திலிருந்தோ வேர்டு ஆவணத்திலிருந்தோ படியெடுத்து ஒட்டியிருந்தால், பார்வைக்கு அதேபோல் இருக்கும் நீண்ட கோடு வந்திருக்கக்கூடும். விண்டோஸ் அதை ஏற்றுக்கொள்ளும், ஆனால் எடிட்டர் திறக்காது. ஆகவே அந்தக் கோட்டை விசைப்பலகையில் பூஜ்ஜியத்துக்கு அடுத்துள்ள விசையில் நீங்களே அழுத்துங்கள்.

இனி, எந்த எச்டிஎம்எல் கோப்பையும் பிடித்து இழுத்து இந்தக் குறுக்குவழியின் மேல் விட்டால், அது கம்போசரில் திறக்கும். வலச்சொடுக்குப் பட்டியலிலும் இது வர வேண்டுமானால், குறுக்குவழியின் நகல் ஒன்றை விண்டோஸின் 'சென்ட் டூ' கோப்புறையில் இட வேண்டும். விண்டோஸ் விசையுடன் ஆங்கில 'ஆர்' எழுத்தை அழுத்தித் தோன்றும் பெட்டியில், 'ஷெல்' என்ற சொல், முக்காற்புள்ளி, 'சென்ட்டூ' என்ற சொல் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி ஆங்கிலத்தில் எழுதி என்டர் அழுத்தினால் அந்தக் கோப்புறை திறக்கும். விண்டோஸ் 11-இல் வலச்சொடுக்கியவுடன் 'சென்ட் டூ' கண்ணில் படாது. 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதைச் சொடுக்கிய பிறகு வரும் பழைய பட்டியலில்தான் இருக்கும்.

லினக்ஸில்

லினக்ஸில் எந்த டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து வழி மாறும். லினக்ஸ் மின்ட்டின் சின்னமன், கேடிஈ ஆகியவற்றில் கோப்பை வலச்சொடுக்கி, 'ஓப்பன் வித்' வழியாக வேறு நிரலைத் தேர்ந்தெடுக்கும் பெட்டிக்குச் சென்றால், நமக்கு வேண்டிய கட்டளையை நாமே எழுத ஓர் இடம் இருக்கும். அங்கே சீமங்க்கி நிரலின் பாதை, ஓர் இடைவெளி, சிறுகோட்டுடன் 'எடிட்' என்று எழுதுங்கள். இந்த வகைக் கோப்புகளுக்கு எப்போதும் இதையே பயன்படுத்து என்ற தேர்வு தெரிந்தால், அதைக் குறிக்காமல் விட வேண்டும். காரணம் முன்பே சொன்னதுதான்.

க்னோம் டெஸ்க்டாப்பின் கோப்பு மேலாளர் இப்படிக் கட்டளை எழுத இடம் தருவதில்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தை (டெர்மினல்) திறந்து, கோப்பு இருக்கும் கோப்புறைக்குச் சென்று, அதே கட்டளையின் பின்னால் கோப்பின் பெயரைச் சேர்ப்பது அங்கே எளிது. பெயரின் முதல் சில எழுத்துகளை இட்டு டேப் விசையை அழுத்தினால் மீதியை முனையமே நிரப்பிக்கொள்ளும். பெயரில் இடைவெளிகள் இருந்தாலும் அதுவே சமாளித்துக்கொள்ளும். தளத்திலிருந்து இறக்கிய சுருக்கப்பொதியை விரித்துச் சீமங்க்கியை இயக்குபவர்கள், வெறும் பெயரை எழுதினால் கட்டளை கிடைக்கவில்லை என்ற பதில்தான் வரும். விரித்த கோப்புறையின் முழுப் பாதையையும் கொடுக்க வேண்டும்.

மேக்கில்

மேக்கில் கோப்பைச் சீமங்க்கியின் சின்னத்தின்மேல் இழுத்துவிட்டு, பக்கம் திறந்ததும் கமாண்ட் விசையுடன் 'ஈ' எழுத்தை அழுத்தும் இரண்டு படி வழியையே பரிந்துரைக்கிறேன். மேக்குடன் வரும் ஆட்டோமேட்டர் என்ற நிரலைக் கொண்டு ஒரே படியாகச் சுருக்க முடியும் என்றாலும், தொடக்க நிலையினருக்கு அந்த உழைப்பு கட்டுபடியாகாது. மேக்குடனேயே வரும் டெக்ஸ்ட்எடிட்டும் எச்டிஎம்எல் கோப்பை வடிவமைத்த பக்கமாகத் திறந்து திருத்தவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு வரிக் குறிப்புக்கு அது போதும். ஆனால் சேமிக்கும்போது பக்கத்தின் வடிவமைப்பு வரிகளைத் தன் பாணியில் புதிதாக எழுதிவிடுவதால், ஒரு தளத்தின் பகுதியாக இருக்கும் பக்கத்தை அதில் திறந்து சேமிக்கக் கூடாது.

திறந்த பிறகு, தமிழ்ப் பக்கங்களுக்கு மட்டும் ஒரு சோதனை

கம்போசர் சாளரத்தின் அடியில் நான்கு தாவல்கள் இருக்கும். முதல் தாவல் வழக்கமான காட்சி, அடுத்தது டேக்குகளை, அதாவது கோணக் குறிகளுக்குள் எழுதப்படும் குறிச்சொற்களை, சிறு சின்னங்களாகக் காட்டும், மூன்றாவது மூல நிரல், கடைசியில் முன்னோட்டம். திருத்தத் தொடங்கும் முன் மூல நிரல் தாவலுக்குச் சென்று, பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துக் குறிமுறையாக 'யூடிஎஃப்-8' குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய மேற்கத்தியக் குறிமுறை குறிக்கப்பட்டிருக்கும் பக்கத்தில் 'அம்மா' என்று தட்டச்சு செய்து சேமித்தால், கோப்புக்குள் அது அம்மா என்று எண்களாகப் பதிந்துவிடும். உலாவி இதைச் சரியாகவே 'அம்மா' என்று காட்டும் என்பதால் பிழை வெளியே தெரியாது; பிறகு ஒருநாள் கோப்புகளுக்குள் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது, கோப்பின் அளவும் வீங்கியிருக்கும். அப்படிப்பட்ட பக்கத்தை முதலில் சாதாரண உரை எடிட்டரில் திறந்து, குறிமுறை வரியை மாற்றி, யூடிஎஃப்-8 ஆகச் சேமித்துவிட்டுப் பிறகு கம்போசருக்குக் கொண்டுவாருங்கள்.

யூனிகோடு பரவுவதற்கு முன் எழுதப்பட்ட தமிழ்ப் பக்கங்களின் கதை வேறு. தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக இலவசமாக வெளியிட 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் பல, யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறிமுறையான டிஸ்கியில் வெளிவந்தன. அன்று சேமித்த கோப்புகள் இன்னும் சிலரிடம் இருக்கக்கூடும். அவற்றை எந்த எடிட்டரில் திறந்தாலும், மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளின் வரிசைதான் தெரியும். அவற்றை யூனிகோடு மாற்றி ஒன்றின் வழியே மாற்றிய பிறகே திருத்த முடியும். நடுவில் ஒரு வரியை மட்டும் யூனிகோடில் தட்டச்சு செய்து சேர்த்தால், ஒரே கோப்பில் இரண்டு குறிமுறைகள் கலந்து, பிறகு மாற்றுவதும் சிக்கலாகும்.

எடிட் மெனுவின் (மேக்கில் சீமங்க்கி மெனுவின்) 'ப்ரிஃபரென்சஸ்' பகுதியில் கம்போசருக்கான பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூல நிரலின் வடிவமைப்பை அப்படியே காப்பதற்கான தேர்வு அங்கே இருக்கிறது. அதை இயக்கி வைத்தால், நீங்கள் தொடாத வரிகளை நிரல் முடிந்தவரை மாற்றாமல் விட்டுவைக்கும். சேமித்ததும், கோப்பை வழக்கமான உங்கள் உலாவியில் இரட்டைச் சொடுக்கித் திறந்து, படங்களும் இணைப்புகளும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று சரிபார்க்கலாம்.

கோப்பு எடிட்டரில் பக்கமாகத் திறக்காமல், டேக்குகள் அப்படியே எழுத்துகளாகத் தெரிந்தால், பெரும்பாலும் கோப்பின் பெயரில்தான் கோளாறு இருக்கும். நோட்பேடில் சேமிக்கும்போது எச்டிஎம்எல் என்ற பின்னொட்டுக்குப் பின்னால் டெக்ஸ்ட் என்ற இன்னொரு பின்னொட்டும் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் பின்னொட்டுகளை மறைத்து வைப்பதால் அது கண்ணில் படாது. கோப்பு மேலாளரின் 'வியூ' மெனுவில் பெயர்ப் பின்னொட்டுகளைக் காட்டும் தேர்வை இயக்கி, எஃப்2 விசையை அழுத்தி, மிகையாக உள்ள பகுதியை நீக்கிய பிறகு, கோப்பை மீண்டும் அந்தக் குறுக்குவழியின்மேல் இழுத்துவிடுங்கள்.