திறனை அளக்கும்போது எடையில் நேரும் தவறுகள்

ஒரே வகைப் பணி செய்யும் மருத்துவமனைகளையோ பள்ளிகளையோ வங்கிக் கிளைகளையோ ஒப்பிட, சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகிய மூவரும் 1978இல் முன்வைத்த டி.இ.ஏ. (Data Envelopment Analysis) எனும் திறன் அளவீட்டு முறை இன்று பரவலாகப் பயன்படுகிறது. செலவு, ஊழியர் போன்ற எந்த உள்ளீட்டுக்கு, செய்து முடித்த பணியாகிய எந்த வெளியீட்டுக்கு எவ்வளவு எடை, அதாவது முக்கியத்துவம், என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு மிகச் சாதகமான எடைகளையே பெறுகிறது.

இதை நம்பி, 'கணக்கில் யாருடைய விருப்பமும் நுழையவில்லை' என்று அறிக்கையில் எழுதுவதுதான் முதல் தவறு. என் பார்வையில் மிகப் பெரிய தவறும் அதுவே. எவற்றை அளப்பது என்ற தேர்விலேயே நம் தீர்ப்பு புகுந்துவிடுகிறது. மேலும், புறநோயாளிகளை மட்டும் வேகமாகப் பார்த்து அனுப்பும் மருத்துவமனை, அறுவை சிகிச்சைக்குச் சுழிய எடை பெற்று முழுத் திறன் கொண்டதாகத் தோன்றலாம். அறுவை சிகிச்சை பொருட்டே இல்லை என்பதும் ஒரு தீர்ப்புதான், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும்.

ஒப்பிடும் நிறுவனங்கள் குறைவாகவும் காரணிகள் அதிகமாகவும் இருந்தால் இது இன்னும் மோசமாகும்: ஏறத்தாழ எல்லோருமே முதலிடம் பெறுவார்கள். உள்ளீடுகள், வெளியீடுகளின் கூட்டுத்தொகையைப் போல் மூன்று மடங்கு நிறுவனங்களாவது வேண்டும் என்பது நடைமுறை விதி.

சரி, எடைக்கு வரம்பு வைக்கலாம். அதைத் தனி எண்ணாக வைக்காதீர்கள். செலவை ஆயிரத்தில் எழுதுவதா, லட்சத்தில் எழுதுவதா என்பதைப் பொறுத்து அந்த எண்ணின் பொருளே மாறும். சில வேளைகளில் கணக்குக்குத் தீர்வே கிடைக்காது. 'ஓர் அறுவை சிகிச்சையின் எடை, ஒரு புறநோயாளி வருகையின் எடையைவிடக் குறையக் கூடாது' என்பதுபோல் விகிதமாகச் சொல்லுங்கள். டெக்சஸில் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு இடம் தேடிய தாம்சன் குழுவினர் 1986இல் இத்தகைய விகித வரம்புகளைத்தான் கையாண்டார்கள். முடிவைப் பார்த்த பிறகு வரம்பைத் திருத்துவது மட்டும் கூடவே கூடாது.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. வரம்பு வைத்த பிறகு 0.8 மதிப்பெண் (முழுத் திறனுக்கு 1) பெறும் நிறுவனத்திடம், 'உள்ளீடுகளை 20 விழுக்காடு குறைத்தும் இதே அளவு பணி செய்யலாம்' என்று சொல்லிவிடுகிறார்கள். வரம்பில்லாத கணக்கில் அதற்கு அடிப்படை இருந்தது. இப்போதோ அந்த இலக்கு, நாம் விதித்த பரிமாற்ற விகிதத்தையும், அதாவது ஒரு பணி இன்னொரு பணியில் எவ்வளவுக்கு ஈடு என்பதையும், சார்ந்தது. ஒரு பணியைக் குறைத்து இன்னொன்றைக் கூட்ட அங்குள்ள ஊழியர்களாலும் கருவிகளாலும் உண்மையில் முடியுமா என்று விசாரிக்காமல் அந்த இலக்கை யாருக்கும் கொடுக்கக் கூடாது.