ஆல்ஃபா ஹைட்ரஜனை எண்ணும் முறை

தில்லி ஆர்.கே.புரத்தில் சாயங்காலம் என்னிடம் கெமிஸ்ட்ரி கேட்க வரும் நம்மூர்ப் பிள்ளைகளில் யாரைக் கேட்டாலும், ஹைப்பர்கான்ஜுகேஷன் (பக்கத்துக் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பின் எலக்ட்ரான்கள் பரவி மூலக்கூறை நிலைப்படுத்துவது) என்றால் ‘ஆல்ஃபா ஹைட்ரஜன் அதிகமானால் நிலைத்தன்மை அதிகம் அங்கிள்’ என்று ஒப்பிப்பார்கள். சரிதான். எதை எண்ணுவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் அமைப்பை முழுசாக வரையுங்கள். கார்போகேஷன் என்றால் நேர்மின்சுமை உள்ள கார்பனை, ஆல்கீன் என்றால் இரட்டைப் பிணைப்பின் இரண்டு கார்பன்களையும் பென்சிலால் வட்டமிடுங்கள். வட்டத்தை நேராக ஒட்டியிருக்கும் எஸ்பி3 கார்பன்தான் (நான்கு பிணைப்பும் ஒற்றையாக உள்ளது) ஆல்ஃபா, அதிலுள்ள ஹைட்ரஜன் மட்டும்தான் கணக்கு. மெத்தில் கேஷனுக்கு 0, எத்திலுக்கு 3, ஐசோபுரொப்பைலுக்கு 6, டெர்ஷியரி பியூட்டைலுக்கு 9. நிலைத்தன்மையும் அதே வரிசைதான். 3,3-டைமெத்தில்-1-பியூட்டீனைக் கொடுத்தால் மெத்தில்களைப் பார்த்ததும் 9 என்று எழுதிவிடுவார்கள், ஆனால் வட்டத்தை ஒட்டிய கார்பனில் ஹைட்ரஜனே கிடையாது, விடை 0.

எண்ணிக்கை ஏன் வேலை செய்கிறது? கார்பன்-ஹைட்ரஜன் சிக்மா பிணைப்பின் எலக்ட்ரான்கள் பக்கத்திலுள்ள காலி பி ஆர்பிட்டாலுக்குள் (எலக்ட்ரான் தங்கும் இடம்) கொஞ்சம் பரவுகின்றன, ஆல்கீனில் பை எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குள். அதற்கு இரண்டும் ஏறக்குறைய இணையாக நிற்க வேண்டும். மெத்தில் தொகுதி சுழல்வதால் மூன்று ஹைட்ரஜனுக்கும் முறை வரும். ஆனால் நார்போர்னேன் என்ற கூண்டு மூலக்கூறில் வளையங்கள் சேரும் பாலமுனைக் கார்பனில் நேர்மின்சுமை வைத்துப் பாருங்கள்: மூன்றாம் நிலை (மூன்று கார்பன்கள் ஒட்டியது), எண்ணினால் 6, ஆனாலும் அந்தக் கேஷன் உருவாவதே பெரும்பாடு, ஏனென்றால் கூண்டு அந்தக் கார்பனைத் தட்டையாக விடாது, ஆர்பிட்டால்களும் ஒத்து நிற்காது.

ஆல்கீனில் சரிபார்க்க ஹைட்ரஜனேற்ற வெப்பம் (இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்க்கும்போது வெளிவரும் வெப்பம்) இருக்கிறது, குறைந்தால் நிலைத்தன்மை கூடுதல். மோலுக்குச் சுமாராக, எத்திலீன் 137 கிலோஜூல், புரொப்பீன் 126, 2-மெத்தில்-2-பியூட்டீன் 113, 2,3-டைமெத்தில்-2-பியூட்டீன் 111. ஆல்ஃபா ஹைட்ரஜன் முறையே 0, 3, 9, 12. கடைசியில் மூன்று கூடியும் 2 கிலோஜூல்தான் குறைகிறது, மெத்தில்களின் நெருக்கடியும் அதில் சேர்ந்துகொள்கிறது. சிஸ் (மெத்தில்கள் ஒரே பக்கம்), டிரான்ஸ் (எதிரெதிர்ப் பக்கம்) 2-பியூட்டீன் இரண்டுக்கும் 6தான், ஆனால் டிரான்ஸ் சுமார் 4 கிலோஜூல் கூடுதல் நிலைத்தன்மை உடையது. எண்ணிக்கை சமமானால் நெருக்கடியைப் பாருங்கள்.

அப்புறம், எண்ணுவதற்கு முன்பே ரெசொனன்ஸ் (மின்சுமை பை பிணைப்புகள் வழியே பல அணுக்களுக்குப் பரவுவது) உண்டா என்று பார்த்துவிடுங்கள். பென்சைல் கேஷனுக்கு ஆல்ஃபா ஹைட்ரஜன் 0, ஆனால் பென்சீன் வளையம் அதன் மின்சுமையைப் பகிர்ந்துகொள்கிறது, அதை மெத்தில் கேஷனோடு சேர்த்தால் மார்க் போச்சு.

எலிமினேஷன் (காரம் ஹைட்ரஜனைப் பிடுங்க, புரோமினும் விலகி ஆல்கீன் உருவாவது) கேள்வியிலும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணாதீர்கள். 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேனோடு சோடியம் எத்தாக்சைடு என்றால் 2-மெத்தில்-2-பியூட்டீன்தான் முக்கிய விளைபொருள், கணக்குப்படியே. பொட்டாசியம் டெர்ஷியரி பியூட்டாக்சைடு என்றால் அந்தப் பருமனான காரம் எட்டுவதற்கு எளிதான ஓரத்து ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடும், 2-மெத்தில்-1-பியூட்டீன் முந்திக்கொள்ளும்.