இனிஷியலில் லோகோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இனிஷியலை வைத்து லோகோ செய்ய உட்காருகிறவர்கள் முதலில் திறப்பது ஃபான்ட் பட்டியலைத்தான். எந்த எழுத்துகள் என்பதே முடிவாகாமல் எந்த ஃபான்ட் என்று தேடி என்ன பயன்? பக்கத்து வீட்டு மராத்திக்காரருக்கு இந்தக் குழப்பம் இல்லை. பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று அவருக்கு வரிசை ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மும்பைத் தமிழர்கள் கதை வேறு. பள்ளிச் சான்றிதழில் ஆர். கார்த்திக் என்று இருப்பவர், பான் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியலைச் சுருக்கி எழுதக் கூடாது என்பதால் கார்த்திக் ராமசாமி ஆகிறார். அப்புறம் ஆபீசில் 'மிஸ்டர் ராமசாமி' என்று அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், இவர் திரும்பிப் பார்க்கிறார். ஊரில் ஆர்.கே., இங்கே கே.ஆர். லோகோவில் எது?

காசு கொடுத்து உங்களிடம் வேலை வாங்குபவர்கள் உங்களை எந்தப் பெயரில் கூப்பிடுகிறார்களோ, அந்தப் பெயரின் எழுத்துதான் பெரிதாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கார்த்திக் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றால் கே பெரிதாக நிற்கட்டும், ஆர் அதன் மடியில் சிறிதாக உட்காரட்டும். இரண்டையும் ஒரே உயரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால்தான் எது முதலில் என்ற சண்டையே வருகிறது. பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். அப்பாவின் இனிஷியல் கல்யாணத்துக்குப் பிறகு கணவருடையதாக மாறுவது நம் வீடுகளில் சகஜம். மாறக்கூடிய எழுத்தைத் தூணாக வைத்துக் கட்டினால் பிறகு மொத்தத்தையும் இடிக்க வேண்டிவரும். நியூமராலஜி பார்த்து நடுவில் சேர்த்த கூடுதல் எழுத்து கையெழுத்தோடு இருக்கட்டும். லோகோவில் அதற்கு வேலை இல்லை.

எழுத்துகள் முடிவானதும் அவற்றை மும்பைக்காரர் காதால் ஒருமுறை கேளுங்கள். இந்திக் கெட்ட வார்த்தைகளுக்குச் சுருக்கமான எம்.சி., பி.சி. என்ற ஜோடிகளை மும்பை லோக்கல் ரயிலில் எப்படிப் படிப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. இளங்கோக்களும் கவனமாக இருக்க வேண்டும். ஆங்கில ஐ வெறும் ஒற்றைக் கோடு. பக்கத்தில் ஓ வந்தால் பத்து என்று படிப்பார்கள், எல் வந்தால் எது ஐ, எது எல் என்றே தெரியாது.

அடுத்த தவறு, அடுத்தவர் ஜோடியைப் பார்த்து நம் ஜோடியைப் பின்னுவது. பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனமான ஷனேலின் இரண்டு சி-க்கள் முதுகோடு முதுகாகப் பின்னிக்கொண்டிருப்பது அழகுதான். ஆனால் ஒரே எழுத்து இரண்டு முறை வந்த அதிர்ஷ்டம் அது. ஃபோக்ஸ்வாகன் கார் கம்பெனிக்கும் அப்படித்தான். டபிள்யூ என்பதே இரண்டு வி. அதன் தலையில் இன்னொரு வி உட்கார்ந்ததும் எல்லாக் கோடுகளும் ஒரே சாய்வில் ஓடுகின்றன. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு தன் படங்களில் போட்ட அடையாளத்தில், அகலக் கால் விரித்து நிற்கும் பெரிய ஏ-யின் இரண்டு கால்களுக்கு நடுவே டி அடக்கமாக நிற்கிறது. ஏ-க்கு அகலமான அடி இருந்ததால் அது முடிந்தது. அந்த அடையாளத்துக்கு இருந்த மதிப்பு எப்படியென்றால், இத்தாலியில் மார்க்கான்டோனியோ ரைமோண்டி என்ற செதுக்குக் கலைஞர் டியூரரின் படங்களை அந்த இரண்டு எழுத்துகளோடு சேர்த்தே நகலெடுத்தார்.

ஆக, உங்கள் எழுத்துகளுக்குள் என்ன பொதுவாக இருக்கிறது என்று முதலில் பென்சிலால் வரைந்து பாருங்கள். கே, ஆர் இரண்டுக்கும் இடப்பக்கம் நேர்கோடு ஒன்று, வலப்பக்கம் சாய்ந்து இறங்கும் கால் ஒன்று. அந்த நேர்கோட்டையோ காலையோ பங்கு போட்டுக்கொள்ள முடியும். பலர் செய்வது வேறு. சமச்சீராக வர வேண்டும் என்று ஒரு எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போடுகிறார்கள். ஏ, எச், எம், ஓ, வி, எக்ஸ், ஒய் போன்றவை திருப்பினாலும் அப்படியே இருக்கும். ஆர்-ஐத் திருப்பினால் அது ரஷ்ய எழுத்து. கே-யைத் திருப்பினால் நமக்குத் தெரிந்த எழுத்து எதுவுமே இல்லை.

மும்பை பவாயில் இருக்கும் எல் அண்ட் டி வளாகத்தின் பக்கம் போனால் அவர்கள் அடையாளத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 1938-இல் இரண்டு டென்மார்க்காரர்கள் மும்பையில் தொடங்கிய கம்பெனி. லார்சன், டூப்ரோ என்ற அவர்கள் பெயர்களின் முதல் எழுத்துகள், ஒரு வட்டம், அவ்வளவுதான். அதே பவாயில் ஐஐடியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தமிழர் உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறியை 2010-இல் அரசு ஏற்றுக்கொண்டது. தேவநாகரி ர-வும் ஆங்கில ஆர்-உம் அதில் ஒன்றாகியிருக்கின்றன. ஆர்-இன் நேர்கோட்டை எடுத்துவிட்டதால்தான் இரண்டும் ஒரே உடம்பில் அடங்கின. நம் ஆட்கள் செய்வது இதற்கு நேர்மாறு. எழுத்து ஒட்டவில்லை என்றால் ஒரு இலை, ஒரு சுழி, ஒரு கிரீடம் சேர்க்கிறார்கள். சேர்க்கத் தோன்றும்போதெல்லாம் எதை எடுக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள்.

தமிழ் எழுத்தில் செய்ய நினைப்பவர்களுக்குத் தனியாகச் சில சங்கடங்கள் உண்டு. க, ர என்ற இனிஷியல்களை நெருக்கி வைத்தால் 'கா' என்றுதான் கண் படிக்கும். ர-வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் அடியில் இருக்கும் சின்னச் சாய்கோடு மட்டுமே. தடித்த ஃபான்ட்கள் சிலவற்றில் அதுவும் தேய்ந்துபோயிருக்கும். புள்ளி வைத்த எழுத்து என்றால் சிறிய அளவில் முதலில் காணாமல் போவது புள்ளி. ண போன்ற அகல எழுத்தை ஒல்லியான ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்று மற்றொன்றை அமுக்கிவிடும். கோ, போ போன்றவை மட்டும் வரம். முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் எழுத்து என்று சட்டகம் போட்டே வருகின்றன. தமிழும் ஆங்கிலமும் கலந்து வர வேண்டுமானால் இரண்டையும் சேர்த்தே வடிவமைத்த ஃபான்டில் தொடங்குவது நல்லது. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் என்ற ஃபான்ட் நிறுவனம் செய்த முக்தா மலர் அப்படிப்பட்டது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது, வியாபாரத்துக்கும் பயன்படுத்தத் திறந்த உரிமம்.

இனி அளவு. பெரும்பாலான லோகோக்கள் செத்துப்போவது இங்கேதான். கம்ப்யூட்டர் திரையில் ஒரு அடி அகலத்துக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ரசிக்கிறோம். பிரவுசர் தாவலில் வரும் குட்டிச் சின்னத்துக்குக் கிடைக்கும் இடமோ 16 பிக்சல். மூன்று எழுத்துகளையும் நடுவில் இடைவெளியையும் அதற்குள் அடைத்தால் ஒரு எழுத்துக்கு நாலு பிக்சல் தேறும். நாலு பிக்சலில் டபிள்யூ வரைய பிரம்மாவாலும் முடியாது. அதனால் சின்ன இடங்களுக்கு ஒற்றை எழுத்து வடிவம் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் படத்தை வட்டமாக வெட்டுகின்றன. சதுரத்தின் பரப்பில் சுமார் 21 சதவீதம் மூலைகளோடு போய்விடும். மூலையில் எழுத்து வைத்தவர் பாடு திண்டாட்டம்தான்.

திரையைவிடக் கடுமையான சோதனை தோல். தாராவியில் சயான்–பாந்த்ரா லிங்க் ரோடு ஓரத் தோல் கடைகளுக்கு லோகோவைக் கொண்டுபோய், ஒரு பர்ஸில் எம்பாஸ் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எழுத்தைப் பித்தளை பிளாக்காக வெட்டி, சூடாக்கி, தோல்மேல் அழுத்துவார்கள். தங்க நிறம் வேண்டுமென்றால் நடுவில் ஃபாயில் என்ற மெல்லிய நிறத் தாளை வைப்பார்கள். அழுத்திய கோட்டைச் சுற்றிலும் தோல் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். கே-யின் கையும் காலும் சந்திக்கும் கூர்மூலை மழுங்கிவிடும். ஆர்-இன் வயிற்று ஓட்டை சிறியதாக இருந்தால் மூடியே போகும். மெல்லிய கோட்டில் ஃபாயில் விட்டுவிட்டு ஒட்டும். பிளாக் வெட்டுபவர் படத்தைப் பார்த்ததுமே எந்த இடம் நிற்காது என்று சொல்லிவிடுவார். அந்தக் கருத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விழும் இருபது 'சூப்பர்'களைவிட மதிப்புள்ளது. எம்பிராய்டரியும் இப்படித்தான். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான கோட்டை ஊசி ஒழுங்காகத் தைக்காது.

நிறத்தைப் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. கறுப்பு வெள்ளையில் நிற்காத லோகோ எந்த நிறத்திலும் நிற்காது. திரையில் பளீரென்று தெரியும் ஊதாவும் நியான் பச்சையும் நான்கு மையில் அச்சானதும் மங்கிவிடும். நிழல், ஒரு நிறம் இன்னொன்றில் கரையும் கிரேடியன்ட் எல்லாம் ரப்பர் ஸ்டாம்பில் கறையாகத்தான் விழும். டிசைனரிடமிருந்து ஜேபெக் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத எஸ்விஜி அல்லது வெக்டர் பிடிஎஃப் கேளுங்கள். போர்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

போர்டு என்றதும் மும்பைக்கே உரிய ஒன்று. மகாராஷ்டிரத்தின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தத்தின்படி, பெயர்ப்பலகையில் மராத்தி தேவநாகரியில் இருக்க வேண்டும். மற்ற மொழி எழுத்துகளைவிட அது சிறிதாக இருக்கக் கூடாது. இதை நினைக்காமல் ஆங்கில எழுத்துகளைப் பலகை முழுக்க நிரப்பி வரைந்துவிட்டு, கடைசியில் மராத்திக்கு இடமில்லாமல் திணறுகிறவர்களை செம்பூர், மாட்டுங்கா பக்கம் பார்க்கலாம். கடை வைக்கும் எண்ணம் இருந்தால் தேவநாகரிப் பெயருக்கான இடத்தையும் முதல் ஓவியத்திலேயே ஒதுக்குங்கள்.

வக்கீல்களும் சிஏ-க்களும் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். பார் கவுன்சில் விதிகள் வக்கீல்கள் விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்துகின்றன. சிஏ-க்களுக்கும் சொந்த லோகோ, மோனோகிராம் விஷயத்தில் நடத்தை விதிகள் உண்டு. விசிட்டிங் கார்டு அடிக்கும் முன் இன்றைய விதியைப் படித்துவிடுங்கள்.

கடைசியாக, சொந்தம் யாருடையது என்ற கேள்வி. 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று கிடைக்கும் இலவச ஃபான்டை வியாபாரத்துக்குப் பயன்படுத்த முடியாது. கேன்வா என்ற இணைய டிசைன் தளத்தின் டெம்ப்ளேட்டில் இரண்டு எழுத்தை மாற்றிச் செய்த லோகோவை டிரேட்மார்க்காகப் பதிய அவர்கள் விதியே இடம் தராது. அதே டெம்ப்ளேட் நாளைக்கு பக்கத்துக் கட்டடத்து பேக்கரியிலும் தொங்கலாம். இரண்டெழுத்து ஜோடிகள் குறைவு, அவற்றுக்குப் போட்டியோ அதிகம். அதனால் டிரேட்மார்க் பதிவகத்தின் இணையத் தேடலில் உங்கள் எழுத்துகளைப் போட்டுப் பாருங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. பதிவகத்தின் தலைமை அலுவலகம் நம் மும்பை ஆன்டாப் ஹில்லில்தான் இருக்கிறது. ஆனாலும் விண்ணப்பத்துக்கு நேரில் போக வேண்டியதில்லை. தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மொத்தம் 45 வகுப்புகள், உங்கள் தொழில் எதில் வருகிறதோ அதற்கு மட்டும் கட்டினால் போதும். பதிவானால் பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.