ஒன்ராறியோப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பப் போகிறீர்களா?

ஊரில் கரும்பலகையும் கொப்பியுமாகப் படித்த பிள்ளையை ரொறன்ரோவில் ஆறாம் ஏழாம் வகுப்பில் சேர்த்தால், கொஞ்ச நாளில் கையில் குரோம்புக் என்ற சின்ன மடிக்கணினி, ஆசிரியர் வேலை கொடுத்து வாங்கும் கூகுள் கிளாஸ்ரூம் இணையத்தளத்துக்கு ஒரு கடவுச்சொல் என்று எல்லாம் வந்துவிடும். கணினியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது சீக்கிரம் பிடிபட்டுவிடும். கஷ்டம் வேறு இடத்தில்.

வந்த புதிதில் என் மகளுக்கு நான்கு பேர் சேர்ந்து ஸ்லைட் செய்யும் வேலை ஒன்று கொடுத்தார்கள். மற்ற மூன்று பேரும் எழுத எழுதத் திரையில் எழுத்து ஓடுகிறது, இவளுடைய பக்கம் மட்டும் வெள்ளையாகக் கிடக்கிறது. கேட்டால், "என்ன எழுதவேணும் எண்டு ரீச்சர் சொல்லேல்லை அம்மா" என்கிறாள். ஊரில் ஆசிரியர் சொல்லும்வரை காத்திருப்பதுதான் மரியாதை, அதற்காகவே நல்ல பெயர் எடுத்தவள். இங்கே அதே அமைதியைப் பார்த்து, இந்தப் பிள்ளை பங்கெடுக்கிறதில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

ரிப்போர்ட் கார்ட் வந்ததும் கணிதத்துக்கு எத்தனை என்றுதானே தேடுகிறோம்? முதல் பக்கத்தைப் பாருங்கள். பொறுப்பு, ஒழுங்கு, தனியாக வேலை செய்தல், சேர்ந்து வேலை செய்தல், தானாக முன்வருதல், தன்னைக் கட்டுப்படுத்தல் என ஆறு விடயங்களுக்கு ஈ (E), ஜி (G), எஸ் (S), என் (N) என்று எழுத்துப் போட்டிருப்பார்கள். ஈ என்றால் மிகத் திறம், 'என்' என்றால் இன்னும் முன்னேறவேண்டும். 'என்' வந்தால் பிள்ளையை ஏசாமல் ஆசிரியரிடம் நேரம் கேட்டுப் போய்ப் பேசுங்கள்.

இன்னொன்று, பிள்ளை செய்து கொடுக்காத வேலைக்குப் பக்கத்தில் கிளாஸ்ரூமில் 'மிஸ்ஸிங்' என்று சிவப்பில் விழும், அவ்வளவுதான். எழுப்பிவிட்டுக் கேட்க ஆள் இல்லாததால் பிள்ளைக்கு உறைக்காது. கிளாஸ்ரூமிலிருந்து பெற்றோருக்கு வாராவாரம் மின்னஞ்சல் வரச் செய்யலாம், ஆசிரியரிடம் கேளுங்கள். உயர்பள்ளி முடிக்க இரண்டு பாடம் இணையவழியில் எடுக்கவேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். வேண்டாமென்றால் படிவம் கொடுத்து விலகலாம். தனியாக இருந்து படிக்கும் பழக்கம் வரமுன் ஒன்பதாம் வகுப்பிலேயே அதை எடுக்க விடாதீர்கள் என்பதுதான் என் எண்ணம்.

சிநேகிதம் பற்றியும் சொல்லவேண்டும். ஊரில் ஒரே சைக்கிளில் இருவராகப் போய், ஒருவர் கொப்பியைப் பார்த்து மற்றவர் எழுதி வந்த நெருக்கம் திரைக்குள் கிடைக்காது. 2024 செப்டம்பரிலிருந்து ஆறாம் வகுப்புவரை பள்ளி நேரம் முழுக்க போன் வெளியே எடுக்கக்கூடாது, அதனால் இடைவேளையில் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசத்தான் வேண்டும். பின்னேரம் வந்ததும் "வீட்டுப்பாடம் என்ன?" என்பதற்கு முதல் "இன்டைக்கு ஆரோட விளையாடினாய்?" என்று கேளுங்கள்.

என் மகளுக்குக் கை உயர்த்தப் பயம். கிளாஸ்ரூமில் ஆசிரியருக்கு மட்டும் தெரியும்படி எழுதும் பெட்டி ஒன்று இருக்கிறது, அதில் "எங்கே தொடங்குவது என்று காட்டுவீர்களா?" என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுத இருவருமாக அரை மணித்தியாலம் இருந்தோம். அடுத்த நாள் ஆசிரியர் அவள் மேசைக்கே வந்து பக்கத்தில் இருந்து காட்டினாராம். அடுத்த கிழமை, தானே கை உயர்த்தினேன் என்று வந்து சொன்னாள்.