முதல் ரெஸ்யூமேயை எழுதுவது எப்படி? வேலை விளம்பரத்திலிருந்து தொடங்குங்கள்

வேலைக்கு முதன்முறையாக விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் இணையத்தில் அழகான மாதிரிப் படிவம் ஒன்றைத் தேடி எடுத்து, அதிலுள்ள கட்டங்களைத் தம் விவரங்களால் நிரப்பத் தொடங்குகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. ரெஸ்யூமேயைப் படிப்பவர், இந்த வேலையை இவரால் செய்ய முடியுமா என்பதைத்தான் அறிய விரும்புகிறார். அதற்கான விடை முதல் பக்கத்தின் மேற்பாதியிலேயே அவர் கண்ணில் பட வேண்டுமானால், படிவத்தை மூடிவைத்துவிட்டு விளம்பரத்தைத் திறந்துகொள்வதே நல்லது.

படி 1: விளம்பரத்தைப் பிரித்துப் படியுங்கள்

விளம்பரத்தில் கட்டாயம் என்று கேட்கப்பட்ட தகுதிகளை ஒரு நிறத்திலும், இருந்தால் நல்லது என்று குறிக்கப்பட்டவற்றை வேறொரு நிறத்திலும் அடிக்கோடிடுங்கள். திரும்பத் திரும்ப வரும் சொற்களைத் தனியே எழுதி வையுங்கள். அவற்றில் உங்களிடம் உண்மையாகவே உள்ளவை எவையோ அவைதாம் ரெஸ்யூமேயில் முதலில் வர வேண்டும்.

இது புதிய உத்தியும் அன்று. மிலான் ஆட்சியாளர் லுடோவிக்கோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்பதற்காக 1480களின் தொடக்கத்தில் லியொனார்டோ டா வின்சி தயாரித்த கடிதத்தில், எளிதில் தூக்கிச் செல்லத்தக்க பாலங்கள், பீரங்கிகள், கவச வண்டிகள் என்று போர்க்கருவிகளே வரிசையாக வருகின்றன. ஓவியம் வரையத் தெரியும் என்பது இறுதிப் பகுதியில்தான் இடம்பெறுகிறது. வேலை தருபவருக்கு எது தேவையோ அதையே லியொனார்டோ முதலில் வைத்திருக்கிறார்.

படி 2: எல்லாவற்றையும் ஒரு மூலக் கோப்பில் கொட்டுங்கள்

படிப்பு, பயிற்சி, பகுதிநேர வேலை, ப்ராஜெக்ட், தன்னார்வப் பணி என நீங்கள் செய்த அனைத்தையும், மாதம் ஆண்டு உட்பட, ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். இது யாருக்கும் அனுப்புவதற்கு அன்று. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வேண்டியதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: தலைப்பகுதி

பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல், வசிக்கும் ஊர் ஆகியவை போதும். பள்ளி நாட்களில் விளையாட்டாக வைத்துக்கொண்ட மின்னஞ்சல் முகவரியை விட்டுவிட்டு, உங்கள் பெயரிலேயே ஒன்றைத் தொடங்குங்கள். திருமண நிலை போன்ற சொந்த விவரங்களை, விளம்பரம் கேட்டாலொழிய எழுத வேண்டியதில்லை. இதன் கீழே, நீங்கள் யார், எந்தத் திறனுடன் எந்தப் பணிக்கு வருகிறீர்கள் என்பதை இரண்டு அல்லது மூன்று வரிகளில் சொல்லுங்கள்.

படி 4: அனுபவ வரிகள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். அண்மையில் செய்த பணி முதலிலும் பழையது பின்னாலும் வரட்டும். ஒவ்வொரு பணியின் கீழும், என்ன செய்தீர்கள், எதைக் கொண்டு செய்தீர்கள், எவ்வளவு செய்தீர்கள், அதனால் என்ன விளைந்தது என்பவற்றுக்கு விடை தரும் வரிகளை எழுதுங்கள்.

“கல்லூரி நூலகத்தில் பகுதிநேரமாகப் பணிபுரிந்தேன்” என்ற வரி நீங்கள் அங்கே இருந்ததை மட்டுமே தெரிவிக்கிறது. “நூலகத்தின் 2,400 புத்தகங்களின் விவரங்களை எக்செலில் பதிந்து, ஆசிரியர் பெயரைக் கொண்டு தேடும் வசதியுள்ள பட்டியலாக மாற்றினேன்” என்று எழுதினால், தரவுப் பதிவு வேலைக்கு ஆள் தேடுபவர் அங்கே நின்று படிப்பார். அதே அனுபவத்தைக் கொண்டு கிடங்குப் பணிக்கு விண்ணப்பிப்பவர், “பதிவேட்டையும் அலமாரியையும் ஒப்பிட்டு இருப்புச் சரிபார்த்து, 60 புத்தகங்கள் குறைவதைக் கண்டறிந்து அறிக்கை அளித்தேன்” என்று எழுதலாம். செய்த வேலை ஒன்றுதான். விளம்பரத்துக்கேற்ப அதன் எந்தப் பக்கம் முன்னே வருகிறது என்பது மட்டும் மாறுகிறது.

எண்களை ஊகித்து எழுதாதீர்கள். அந்த 60-ஐ எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நேர்காணலில் கேட்டால் தயங்காமல் விளக்க முடிய வேண்டும். குழுவாகச் செய்த ப்ராஜெக்ட் என்றால் அதில் உங்கள் பங்கு எதுவோ அதை மட்டும் எழுதுங்கள்.

படி 5: திறன்களும் படிப்பும்

கடின உழைப்பாளி, விரைவில் கற்பவர் போன்ற சொற்களை எல்லோரும் எழுதுவதால் அவற்றால் பயனில்லை. எக்செல் 80% என்று பட்டைகள் வரைவதும் அப்படியே; எதில் 80 என்பதை வரைந்தவராலும் சொல்ல முடியாது. பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை), விலுக்அப் (பட்டியலில் ஒரு விவரத்தைத் தேடி எடுக்கும் சூத்திரம்) போன்ற எக்செல் வசதிகள் தெரியும் என்று எழுதினால் படிப்பவருக்குத் தெளிவாக விளங்கும். பணி அனுபவம் குறைவாக இருப்பவர்கள் படிப்பை அனுபவத்துக்கு மேலே வைக்கலாம்.

படி 6: மென்பொருளும் படிக்கும்படி அமையுங்கள்

பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் ஒரு மென்பொருளே வாங்கிப் பிரித்து வைக்கிறது. செய்தித்தாள் போல இடமும் வலமுமாக இரண்டு பத்திகளாகப் (காலம்) பிரித்த பக்கம், கட்டங்களுக்குள் அடைத்த எழுத்து, பக்கத்தின் மேல் விளிம்புப் பகுதியில் இட்ட தொலைபேசி எண் ஆகியவற்றை அது குழப்பிக்கொள்ளவோ தவறவிடவோ கூடும். ஸ்கேன் செய்த படமாக இருந்தால் பல நேரம் எதையுமே படிக்காது. எனவே எளிய எழுத்துரு, 10 முதல் 12 புள்ளி அளவு, வழக்கமான தலைப்புகள், இடம் வலமாகப் பிரிக்காத ஒரே பத்தி அமைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் கோப்பிலுள்ள எழுத்துகள் முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிகள் முறையாக வந்தால் மென்பொருளும் பெரும்பாலும் ஒழுங்காகப் படிக்கும். தொடக்க நிலையில் இருப்பவருக்கு ஒரு பக்கம் போதும்.

படி 7: சரிபார்த்து அனுப்புங்கள்

வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். பிறகு வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கைப்பேசி எண்ணை மட்டும் ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்க்க வேண்டும். கோப்புக்கு உங்கள் பெயரையும் பணியின் பெயரையும் சேர்த்துத் தலைப்பிட்டு, விளம்பரம் கேட்ட வடிவத்திலேயே அனுப்புங்கள். அனுப்பிய ரெஸ்யூமேயுடன் அந்த விளம்பரத்தின் நகலையும் ஒரே ஃபோல்டரில் சேமித்து வைப்பது அவசியம். நேர்காணலுக்கு அழைப்பு வரும்போது விளம்பரம் பெரும்பாலும் இணையத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கும், கேள்விகளோ அதிலிருந்துதான் வரும்.