மாடி கம்ப்யூட்டர் ஃபோல்டர் திறக்காம படுத்தின கதை

மாடி ரூம் கம்ப்யூட்டர்ல இருக்கற குடும்ப போட்டோ ஃபோல்டரை கீழ இருக்கற லேப்டாப்ல திறக்கணும், அவ்ளோதான் வேலை, அதுக்கு ரெண்டு நாள் போச்சு. ஃபோல்டரோட ஷேரிங்ல எவ்ரிஒன்னுக்கு (அதாவது எல்லாருக்கும்) ஃபுல் கன்ட்ரோல் குடுத்தாச்சு, இருந்தும் ஆக்சஸ் டினைடு, அனுமதி இல்லைன்னே வருது. அப்புறம்தான் உறைச்சுது, விண்டோஸ்ல பூட்டு ரெண்டு, நெட்வொர்க்ல வர்றவங்களுக்கான ஷேர் பெர்மிஷன் ஒண்ணு, ஃபோல்டரோட ப்ராப்பர்ட்டீஸ்ல செக்யூரிட்டி டேப்ல இருக்கற என்டிஎஃப்எஸ் பெர்மிஷன் (டிஸ்க்ல ஃபைலுக்கே போடற பூட்டு) இன்னொண்ணு, நெட்வொர்க் வழியா வரும்போது ரெண்டுல எது கெடுபிடியோ அதுதான் செல்லும்.

சரின்னு மாடி கம்ப்யூட்டர்ல வீட்டுக்குன்னு தனியா ஒரு லோக்கல் யூசர் (அந்த மெஷினுக்கு மட்டுமான கணக்கு) போட்டு, பாஸ்வேர்டும் வச்சு (காலியா விட்டா நெட்வொர்க்ல உள்ள விடாது), செக்யூரிட்டி டேப்ல அதுக்கு மாடிஃபை, அதாவது மாத்தற அனுமதி, குடுத்தேன். அப்பவும் ம்ஹூம்! பாத்தா லேப்டாப் பழைய பாஸ்வேர்டையே ஞாபகம் வச்சு அனுப்பிட்டு இருந்திருக்கு, விண்டோஸ் பாஸ்வேர்டெல்லாம் சேமிச்சு வைக்கற கிரெடென்ஷியல் மேனேஜர்ல போய் அந்தப் பழசைத் தூக்கிட்டு ஒரு ரீஸ்டார்ட் போட்டதும் புதுசா கேட்டுது, யூசர் பேருக்கு முன்னாடி மாடி கம்ப்யூட்டர் பேரையும் சேத்து அடிச்சேன், திறந்துருச்சு. நடுவுல பாஸ்வேர்டுக்கு பதிலா விண்டோஸ்ல நுழையற நாலு இலக்க பின் நம்பரை அடிச்சு அடிச்சுப் பாத்தது தனி கூத்து, பின் எந்த மெஷின்ல வச்சமோ அந்த மெஷின் முன்னாடி உக்காந்தாதான் வேலை செய்யும்.

பையனுக்கு வேற யூசர், வெறும் ரீட் மட்டும், பாக்கலாம், அழிக்க முடியாது. போன தடவை இடம் பத்தலைன்னு எங்க கல்யாண ஆல்பத்தையே அழிச்சவன் அவன்.